மழை மறைவில் ஒரு பயணம்

எகிப்தின் செங்கடல் கரைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒரே வாரத்தில் மூன்று உலகங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு நாள் பவளப் பாறைகளுக்கு நடுவே முக்குளிப்பு, ஒரு நாள் லக்சரின் பழங்கோவில்கள், ஒரு நாள் பாலைவனத்தில் ஜீப் சவாரி. வண்ண மீன்கள் நீந்தும் கடலும் புல் முளைக்காத மணலும் இப்படி அக்கம்பக்கத்தில் இருப்பது இயற்கையின் விளையாட்டு என்றுதான் தோன்றும். உண்மையில் ஒன்று இருப்பதற்கு மற்றொன்று முக்கியக் காரணம்.

பவளம் ஒரு விலங்கு. குண்டூசித் தலை முதல் சில சென்டிமீட்டர் வரை அளவுள்ள அந்த உயிரின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. ஆகவே பாறை கட்டும் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இறங்கத் தெளிந்த நீர் வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் இது கிடைக்காது. வண்டல் ஒளியை மறைக்கும், பவளத்தின் மேல் படிந்து மூச்சு முட்ட வைக்கும், நன்னீர் உப்பின் அளவைக் குறைக்கும். செங்கடலில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றுகூடக் கலப்பதில்லை, ஏனென்றால் சுற்றிலும் பாலைவனம். நிலத்தின் வறட்சி கடலுக்குத் தெளிவாகிறது.

செங்கல்பட்டில் இருப்பவருக்கு இந்த மூன்றையும் பார்க்க விமானம் தேவையில்லை. இடிபாடுகள் அவருடைய மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்தில் இருக்கின்றன. பவளத்துக்கும் செம்மணலுக்கும் தெற்கே ஏறத்தாழ 550 கிலோமீட்டர் போக வேண்டும்.

மாமல்லபுரத்திலேயே பவளம் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இங்கே ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கிறது. தெற்கே சற்றுத் தொலைவில் பாலாறு முகம் திறக்கிறது. வங்கக் கடலில் விழும் பேராறுகளின் நன்னீர் கலந்த நீரோட்டம் அந்தப் பருவத்தில் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வருகிறது. இது போதாதென்று மணலும் கரையோடு நடந்துகொண்டே இருக்கிறது. சாய்வாக வந்து மோதும் அலை ஒவ்வொன்றும் கொஞ்சம் மணலைத் தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கட்டிய கல்சுவர்கள் இந்த நடையை மறித்தன. அதனால்தான் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. ஓயாமல் கலங்கும் இந்தத் தண்ணீரில் பவளத்துக்கு இடமில்லை. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகள் உண்டு, மீனும் உண்டு. பவளத் தீவுகள் கிடையாது.

ஆனால் இதே மணல்தான் மாமல்லபுரத்தின் இடிபாடுகளைக் காத்து வைத்திருக்கிறது. ஏழு கோவில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதை ஐரோப்பிய மாலுமிகள் வழியாக உலகம் சுற்றியது. 1788இல் வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரையில் அச்சேறியது. கதை கதையாகவே இருந்தது. 2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனைச் சேர்ந்த சயின்டிஃபிக் எக்ஸ்புளோரேஷன் சொசைட்டியும் சேர்ந்து முக்குளிப்பவர்களை இறக்கின. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சரிந்த சுவர்கள், செதுக்கிய சதுரக் கற்கள், படிகள் போன்ற அமைப்புகள் தென்பட்டன. கல்லெல்லாம் சிப்பியும் பாசியும் அப்பிக் கிடந்தது. தண்ணீர் கலங்கல், எதையும் முழுதாகப் பார்க்க முடியாமல், கைக்கெட்டும் தூரத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துத்தான் வரைபடம் போட வேண்டியிருந்தது.

கரையில் இருந்த கட்டடம் அவ்வளவு தூரம் உள்ளே போனது எப்படி? கடல் மட்டம் உயர்ந்து விழுங்கியது என்று சொல்லத் தேவையே இல்லை, எளிய கணக்கு ஒன்று போதும் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். இப்பகுதியில் கரை ஆண்டுக்குச் சராசரியாக 55 சென்டிமீட்டர் அரிக்கப்படுவதாக ஓர் அளவீடு உண்டு. அதே வேகத்தில் 1500 ஆண்டுகள் அரித்தால் 800 மீட்டருக்கு மேல் வருகிறது. கடல் அப்படிச் சீராகத் தின்றிருக்காது என்பது வேறு விஷயம். சில நூற்றாண்டு சும்மா இருந்து ஒரே புயலில் பத்து மீட்டரை விழுங்கவும் அதற்குத் தெரியும். ஆனாலும் பல்லவர் காலக் கட்டடம் ஒன்று இன்று 700 மீட்டர் உள்ளே கிடக்கலாம் என்பதற்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது. ஆறு கோவில்கள் என்ற எண்ணிக்கைக்குக் கொடுப்பதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன் கடல் பின்வாங்கியபோது வரிசையாகக் கற்களைக் கண்டதாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். 2005 பிப்ரவரியில் இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் சேர்ந்து தேடின. எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு, கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் நடந்தது. சுனாமி அங்கே மணலை அள்ளிக்கொண்டு போனதும் ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. பத்தாம் நூற்றாண்டு ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. திருவிழ்ச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோவிலைக் குறிப்பிட்டது. அப்படி ஒரு கோவில் அங்கே இல்லை, மணல்மேடுதான் இருந்தது. தோண்டினார்கள். கல்வெட்டுள்ள பல்லவர் காலக் கருங்கல் தூண்கள் வந்தன, கல்லில் செய்த வேல் வந்தது, அவற்றுக்கும் அடியில் வடக்கு நோக்கிய செங்கல் கோவில் ஒன்று வந்தது. செங்கல் பகுதி சங்க காலத்தைச் சேர்ந்தது என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. ஓர் அலை மணலைப் போட்டு மூடியிருக்கலாம். இன்னோர் அலை வந்து திறந்துவிட்டது.

கடலடிக் கற்களை ஸ்கூபா சிலிண்டர் மாட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று யாரும் திட்டம் போட வேண்டாம். அது ஆய்வுக்குரிய இடம், சுற்றுலாத் தலமல்ல; போனாலும் முகத்துக்கு நேரே கலங்கல்தான். கடற்கரைக் கோவிலைப் பார்த்துவிட்டு அந்த நாளின் மிச்சத்தைச் சாளுவன்குப்பத்துக்குக் கொடுப்பது மேல். கூட்டமும் குறைவு.

பிறகு செங்கல்பட்டு சந்திப்பில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியும்போது வேறொரு வானிலைக்குள் இறங்கலாம். தூத்துக்குடியின் ஆண்டு மழை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் வருகிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று படித்தோமே, அது இதுதான். இங்கே பேராறு எதுவும் இல்லை. வைகை பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டுவதில்லை. தாமிரபரணி மட்டும் விதிவிலக்கு. வண்டல் குறைவான, ஆழமற்ற, வெதுவெதுப்பான கடல். பவளம் வேறென்ன கேட்கும்?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையோரமாக 21 பவளத் தீவுகள் எண்ணப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் நீருக்கடியில் போய்விட்டன. 1986இல் இந்தத் தீவுப் பகுதி தேசியப் பூங்காவானது, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. மண்டபம், பாம்பன் பக்கம் வனத்துறையின் கண்ணாடி அடித்தளப் படகுகள் உண்டு. பவளம் இங்கே பெரும்பாலும் ஆளுயரத்துக்கு ஓரிரு மடங்கு ஆழத்துக்குள்ளேயே இருப்பதால் அதுவே போதும். கோடையில் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் இங்கே அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொடர்ந்து அளந்து வருகிறார்கள்.

நீரில் இறங்காமலே பவளம் பார்க்க ஓரிடம் உண்டு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தபோது வளர்ந்த பவளம், ராமேஸ்வரம் தீவில் இன்று தரைமேல் கிடக்கிறது. அந்தக் கல்லை வெட்டித்தான் வீடு கட்டினார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரை அருகே போய்ப் பார்த்தால் மூளை மடிப்பு போன்ற பவள வரிகள் கல்லுக்குக் கல் தெரியும். பவளம், இடிபாடு, மணல் மூன்றும் ஒரே சுவரடியில்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் தாண்டி சாத்தான்குளம் போகும் வழியில் குதிரைமொழித் தேரி. பனையும் முந்திரியும் நிற்க, நடுவே ரத்தச் சிவப்பில் மணற்குன்றுகள். மழைக் கணக்குப்படி இது பாலைவனம் அல்ல. ஆனால் நடப்பவருடைய கால் அதை ஒப்புக்கொள்ளாது. ஈரத்தை மலையில் விட்டுவிட்டு ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகப் பாயும் அதே காற்றுதான், முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுவேதான், சமவெளியின் மண்ணை அள்ளி இங்கே குவித்திருக்கிறது. மணலோடு வந்த இரும்புத் தாதுக்கள் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் துருவாகப் படிந்ததில் இந்த நிறம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று தீவுகள் இருக்கும் மன்னார்க் கடலடியில் பெரும்பகுதி அப்போது காற்றடிக்கும் வெட்டவெளி; அங்கிருந்தும் மணல் வந்திருக்கலாம்.

1863இல் பல்லாவரத்தில், அதாவது இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பின்னாளில் இந்தத் தேரிகளைப் பற்றியும் எழுதினார். விரல்நுனி அளவுள்ள நுண்கற்கருவிகள் தேரிகளில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த சாய்னரும் ஆல்சினும் 1956இல் கட்டுரை வெளியிட்டார்கள். மீன்பிடித்தும் வேட்டையாடியும் திரிந்த மக்களின் பொருட்கள். இன்றும் தட்டுப்படலாம். எடுத்துப் பையில் போடக் கூடாது.

மேல்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்கும் போக வேண்டும். தேரி நடுவே அங்கே ஒரு சுனை. மழைநீர் மணலுக்குள் வேகமாக இறங்கிவிடுகிறது, வெயிலுக்கு ஆவியாக அவகாசம் தருவதில்லை. அடியில் சேர்ந்த நீர் பள்ளமான இடத்தில் வெளியே வருகிறது.

மாதத்துக்கு வருவோம். பிப்ரவரி, மார்ச். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து வங்கக் கடல் தெளியத் தொடங்கியிருக்கும். மன்னார்க் கடலும் அமைதி. ஏப்ரலில் வெயிலும் நீரின் சூடும் ஏறும். வழி விலகிப் புதுச்சேரிக்கும் போய்ச் சிலிண்டருடன் பல முறை முக்குளிக்க எண்ணுபவர், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழாகக் கிளம்பும். ஆகவே கடல் முதலில், தேரி கடைசியில். விமானத்தில் திரும்புவதானால் தேரியில் நடக்கும் நாள் அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பிப்ரவரியில் தேரி சும்மா கிடக்கும். மணல் சீறிப் பறந்து பாதையை மூடுவதைப் பார்க்க ஆடியில் போக வேண்டும். அப்போது கடல் கொந்தளிக்கும், பவளத்தைப் பார்க்கும் பேச்சே இல்லை. இரண்டையும் அதனதன் உச்சத்தில் ஒரே பயணத்தில் பார்க்க அந்தக் காற்று விடாது. கடலுக்காகப் பிப்ரவரியில் ஒரு டிக்கெட்டும் தேரிக்காக ஆடியில் இன்னொன்றும் எடுப்பதுதான் என் யோசனை. ஆடியில் போகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடியும் முகத்துக்குத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடு மத்தியானத்தில் மட்டும் ஏற வேண்டாம்.