மஞ்சளுக்கு எதற்கு மஞ்சள் சாயம்?

நிலத்திலிருந்து வெட்டி எடுத்த மஞ்சளைப் பார்த்திருக்கிறீர்களா? மண் ஒட்டி, வேர் தொங்க, இஞ்சிக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஈரோட்டுப் பக்கம் அறுவடை முடிந்ததும் அதை வேகவைத்துக் களத்தில் பத்து, பதினைந்து நாள் காயப் போடுவார்கள். காய்ந்த விரலி கல்லாக இறுகிவிடும். தோல் சொரசொரவென்று, அழுக்கு படிந்த பழுப்பில் இருக்கும். பிறகு டிரம்மில் கொட்டிச் சுற்றுவார்கள். விரலிகள் ஒன்றோடொன்று உரசி, செதிலும் வேரும் உதிர்ந்து வழவழப்பாகும். பாலிஷ் போடுவது என்பது இதுதான்.

அதற்குப் பிறகும் விரலியின் வெளிப்புறம் மங்கல்தான். உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே ஆரஞ்சு கலந்த அடர் நிறம் தெரியும். அதனால் பாலிஷின் கடைசிச் சுற்றில் கொஞ்சம் மஞ்சள் தூளையே தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது உண்டு. அதில் தப்பேதும் இல்லை. அந்தக் கடைசிச் சுற்றில் மஞ்சள் தூளுக்குப் பதிலாக வேறொரு பொடி டிரம்முக்குள் விழுந்தால்தான் விபரீதம்.

அந்தப் பொடிக்கு லெட் குரோமேட் என்று பெயர். காரீயமும் குரோமியமும் சேர்ந்த சாயம். சாலையில் கோடு போடவும், இயந்திரங்களுக்கு அடிக்கும் மஞ்சள் பெயின்ட்டிலும் பயன்பட்டு வந்தது. கொஞ்சம் தூவினாலே மட்டமான சரக்கு முதல் தரம் போல மின்னும். கனமான பொடி என்பதால் எடையும் ஏறும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். நாம் பேசுவது காரீயத்தைப் பற்றி. பேட்டரியில் இருப்பது, ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்தது, பழைய பெயின்ட்டில் இருந்தது. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் ‘எங்கள் பாட்டி காலத்திலிருந்து ஈயத்தில்தானே சமைக்கிறோம்’ என்று பலரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்.

மஞ்சளில் காரீயம் இருப்பது எப்படித் தெரியவந்தது? வங்கதேசத்தின் கிராமப்புறத்தில் 430 கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 31 பேரின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பெட்ரோலில் காரீயம் கலப்பது அந்த நாட்டில் 1999-லேயே நின்றுவிட்டது. ஆய்வாளர்கள் முதலில் சந்தேகப்பட்டது பூச்சிமருந்தை; பிறகு, காரீயப் பற்றவைப்புள்ள தகர டப்பாக்களை. இரண்டும் முழுக் காரணமாகத் தெரியவில்லை.

துப்புக் கொடுத்தது ஐசோடோப்பு. எந்தச் சுரங்கத்துத் தாதுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து, காரீயத்தில் உள்ள ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். பிறந்த ஊர் முத்திரை மாதிரி. பெண்களின் ரத்தத்தில் இருந்த முத்திரையையும் வீட்டிலிருந்த பொருள்களின் முத்திரையையும் ஒப்பிட்டபோது, அவை மஞ்சள் டப்பாவைக் கைகாட்டின.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனமும் அடுத்து மஞ்சள் விளையும் 9 மாவட்டங்களில் இறங்கி, விவசாயி முதல் வியாபாரி வரை 152 பேரிடம் பேசின. 2019-ல் முடிவு வெளியானது. 9 மாவட்டங்களில் 7-ல் லெட் குரோமேட் கலப்பு இருந்தது. ஒரு மாதிரியில் கிலோவுக்கு 1,152 மில்லிகிராம் காரீயம். அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தது 2.5 மில்லிகிராம். பழக்கம் தொடங்கிய கதையையும் அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். 1980-களில் பெருவெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் செத்துவிட்டது. விற்க வேண்டுமே என்று சாயம் தூவினார்கள். வாங்குகிறவர்களின் கண் அந்தப் பளபளப்புக்குப் பழகியது. அதன் பிறகு வெள்ளம் இல்லாத வருடத்திலும் சாயம் இல்லாத மஞ்சள் மட்டம் என்றாகிவிட்டது. சாயப்பொடிக்கு அங்கே ‘பியூரி’ என்று பெயர். அது விஷம் என்று தெரியாமலே தூவியவர்கள் நிறையப் பேர்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நம் உடம்புக்குக் காரீயத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கால்சியம் போகிற வழியில் காரீயமும் போகும். ரத்தத்தில் இருப்பது சில வாரங்களில் குறையும். ஆனால் எலும்பில் போய் உட்கார்ந்தது பல பத்தாண்டுகள் அசையாது. ஒரு பெண் கர்ப்பமாகிறாள், குழந்தைக்குக் கால்சியம் தேவைப்படுகிறது, எலும்பு கரைந்து கொடுக்கிறது. சிறுவயதில் அவள் தின்ற காரீயமும் அதோடு சேர்ந்து வெளியே வந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகிறது. இதை எழுதும்போதே மனது கனக்கிறது.

பிறந்த குழந்தைக்கும் பாதுகாப்பு குறைவு. ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு வரை அதிகம் உறிஞ்சுகிறார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு இன்னும் அதிகம் உறிஞ்சும். ரத்தசோகை மலிந்த நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. வாந்தி, பேதி என்று வந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சிறிய அளவுக் காரீயம் அப்படி எதையும் காட்டாது. படிப்பில் கொஞ்சம் மந்தம், கவனம் நிற்கவில்லை, சொன்னால் கேட்பதில்லை. பிள்ளையைத்தான் திட்டுவோம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று யுனிசெஃப் 2020-ல் கணக்குச் சொன்னது. பேட்டரிப் பட்டறைகள், பெயின்ட், பாத்திரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மசாலாவும் அதில் ஒரு வாசல்.

கொதிக்க வைத்தால் போகாதா என்று கேட்பார்கள். போகாது. இது கிருமி அல்ல, உலோகம். அடுப்பும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது.

ஒரு சின்னக் கணக்கு. குழம்பு, பொரியல், இருமலுக்கு மஞ்சள் பால் என்று ஒரு குழந்தைக்கு நாளுக்கு அரை கிராம் மஞ்சள் தூள் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் காரீயம் உள்ள தூள் என்றால் உள்ளே போவது 500 மைக்ரோகிராம். உணவு வழியாக ஒரு குழந்தைக்கு நாளுக்கு 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கைக்கொள்ளும் அளவுகோல். இந்தியாவில் மஞ்சளுக்கான உச்சவரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட தூளிலேயே அரை கிராமுக்கு 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். இந்த வரம்பை இறக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தக் கலப்படம் இந்தியாவிலும் இருக்கிறதா? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய 356 மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. நூற்றுக்கு 14 மாதிரிகளில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் காரீயம். பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் 1,000-ஐத் தாண்டியது. வரம்பு மீறிய மாதிரி கிடைத்த ஊர்களில் குவாஹாட்டியும் இருந்தது, சென்னையும் இருந்தது. காரீயமும் குரோமியமும் லெட் குரோமேட்டில் உள்ள அதே விகிதத்தில் சேர்ந்து காணப்பட்டதால் இதை மண்ணின் தலையில் கட்டிவிட முடியாது; கை வைத்துக் கலந்தது. இந்தியச் சட்டத்தில் மஞ்சளில் லெட் குரோமேட் அறவே இருக்கக் கூடாது.

இதே பொடி இன்னொரு பக்கம் இலவங்கப்பட்டைக்குள்ளும் புகுந்தது. 2023-ல் அமெரிக்காவில் ஆப்பிள் கூழ் பாக்கெட் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியது. பட்டை இலங்கையில் விளைந்தது, ஈக்வடாரில் அரைபட்டது. அரைக்காத பட்டையைச் சோதித்தபோது அது சுத்தமாக இருந்தது. முழுப் பொருள் தூளாக மாறும் இடத்திலும் கலப்படத்துக்குக் கை நீளும்.

வங்கதேசம் அடுத்து என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. ஆய்வு வந்த அதே 2019-ல் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் களமிறங்கியது. மஞ்சளில் காரீயம் இருக்கிறது என்று சந்தைகளில் ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எக்ஸ்ரே பாய்ச்சி உடனே உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கைக்கருவியோடு டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் நுழைந்தார்கள். கலப்பட மஞ்சள் வைத்திருந்த இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு 8 லட்சம் டாக்கா அபராதம். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2019-ல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் காரீயம் இருந்தது. 2020-ல் 5 ஆனது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் மில் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் சுமார் 30 சதவீதம் இறங்கியது. பெரிய ஆலை மூடவில்லை, கோடிகள் கொட்டவில்லை. சாதாரண அரசு வேலையைச் சரியாகச் செய்தார்கள், அவ்வளவுதான். ஈரோடு, சேலம், சென்னை மொத்தக் கடைகளில் அதே கருவியோடு நம் அதிகாரிகளும் வருடம் இருமுறை நடந்து, கண்டதைப் பெயரோடு வெளியிட என்ன தடை?

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முழு விரலியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். நல்ல மஞ்சள் தண்ணீருக்கு நிறம் விடாது. லெட் குரோமேட் பூசிய மஞ்சள் உடனே சாயம் விடும். இது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையமே சொல்லித் தரும் சோதனை. தூளில் கண்ணை நம்ப முடியாது, அதற்கு ஆய்வகம்தான் வழி. அதனால் உதிரியாக விற்கும் பளபளத் தூளைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்த முறை கடைக்காரர் ‘இது நல்ல கலர்ங்க’ என்று மின்னுகிற விரலியை நீட்டினால், பக்கத்து மூட்டையில் மங்கலாகக் கிடப்பதைக் கேட்டு வாங்கி, வெயிலில் காயவைத்து, நீங்களே நின்று மில்லில் அரைத்து எடுத்து வாருங்கள்.