டெல்ஃப் பி2: கருத்து போதாது, வாதம் வேணும்

பிரான்ஸில் பிரெஞ்சு மீடியத்தில் மாஸ்டர்ஸ் படிக்க நிறைய யூனிவர்சிட்டிகள் கேட்பது பி2. அதன் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 வார்த்தை, 25 மார்க். இதில் 5-க்குக் கீழே போனா, மொத்தம் 50 தாண்டினாலும் ஃபெயில்தான்.

மேயருக்குக் கடிதம் எழுதச் சொல்றாங்கன்னு வைங்க. 'நகர மையத்தில் கார் வேண்டாம்' என்பது வெறும் கருத்து. 'கார் இல்லாத தெருவில் குழந்தைகள் பயமில்லாம ஸ்கூலுக்கு நடப்பாங்க' என்று காரணம் சொன்னாதான் வாதம். அப்புறம் கடைக்காரர்களோட கவலையை 'செர்த்' போட்டு ஒத்துக்கோங்க. 'மே' போட்டு உங்க பக்கம் திருப்புங்க. முதல் பத்து நிமிஷம் பிளானுக்கு, கடைசி பத்து ஆண்பால் பெண்பால் சரிபார்க்க. வாரம் ஒரு கடிதம், டைமர் வச்சு எழுதிப் பாருங்க.