ஐம்பது பேருக்கு ஒரு பனியன்

2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் 'மெட்ரோ' சிரிஷும் பனியன் அணிந்து நின்ற படம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. தமிழ் பேசும் இந்தியன் என்றது ஒன்று, 'ஹிந்தி தெரியாது போடா' என்றது மற்றொன்று. அந்த வாசகங்களைக் கேட்டுத் திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. ஊரடங்கில் துவண்டிருந்த ஊருக்கு அது எதிர்பாராத வேலை.

அது பெருங்கூட்டத்தின் அலை. என்னை ஈர்ப்பது அதைவிடச் சின்னக் கூட்டங்கள். சைக்கிள் குழு, பறவை பார்ப்பவர்கள், அனிமே ரசிகர்கள், கொங்கு கிராமங்களில் மறுபடி தழைத்திருக்கும் வள்ளி கும்மிக் குழு. செல்பேசியில் கூடும் ஐம்பது பேர் ஒருநாள் நேரில் சந்திக்கிறார்கள். அன்றைக்கு ஒரே பனியன் வேண்டும்.

1978-இல் இத்தாலியிலிருந்து பனியன் வாங்க வியாபாரி வந்த காலம் தொட்டு திருப்பூர் ஆயிரக்கணக்கில் தைத்தே வளர்ந்தது. ஐம்பது பீஸ் என்றால் பட்டறையில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். காரணம் ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். ஆறு வண்ணப் படத்துக்கு ஆறு. பத்து பீஸ் அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். இப்போது டிடிஎஃப் என்ற அச்சு முறை வந்துவிட்டது. பிலிமில் படத்தை அச்சடித்து, மை ஈரமாக இருக்கும்போதே பசைப்பொடி தூவி, சூட்டில் உருக்கி, பனியன் மேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் சில நொடி அழுத்தினால் போதும். ஆறு வண்ணமும் ஒரே அழுத்தில் ஏறிவிடும். ஒற்றைப் பீஸுக்கும் கட்டுப்படியாகிறது. சிறு ரசனைகள் பெருகியதற்கு இணையத்தைச் சொல்பவர்கள் இந்தப் பசைப்பொடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று. யாரோ ஓர் இளம் ஓவியர் வரைந்த படம் பனியனில் அச்சாகிச் சந்தையில் அவர் பெயரின்றித் தொங்குகிறது. குழுவினர் பணம் கொடுத்துப் பனியன் வாங்குகிறார்கள். வரைந்தவருக்கு ஒரு காசும் போவதில்லை. ஆர்டர் கொடுப்பவர்கள் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

திருப்பூருக்குள்ளேயே நாம் ஏறிட்டுப் பார்க்காத சின்ன உலகங்கள் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் ஓவர்லாக் மெஷினில் வாரமெல்லாம் குனிந்திருக்கிறார்கள். ஞாயிறு மாலை ரயில் நிலையத்தையும் காதர்பேட்டைக் கடைவீதியையும் சுற்றி நண்பர்களோடு நடக்கிறார்கள். அவர்கள் செல்பேசிகளில் போஜ்புரிப் பாட்டும் ஒடியாப் பாட்டும் ஒலிக்கின்றன. அந்தப் பாட்டுக்காரர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இந்த இளைஞர்கள் தைத்த பனியனிலேயே அந்தப் பாட்டுக்காரர் படம் அச்சாகி காதர்பேட்டைக் கடையில் தொங்கினால், ஒன்றை நானும் வாங்கிக்கொள்வேன்.