ஏறிச் செல்லும் பாதை

மேட்டை நோக்கி ஏறும் பாதையை ஆங்கிலத்தில் 'அப்ஹில்' என்பர். மலைமேல் ஏறுவது என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஏறும்போது மூச்சு வாங்கும், கால் கனக்கும். எனவே கடினமான முயற்சி எதையும் அதே சொல்லால் குறிப்பிடுகின்றனர். நெடுநாள் நோயாளியைப் பேணுவதும், வாங்கிய கடனை அடைப்பதும் 'அப்ஹில்' பணிகளே.

தமிழில் அந்தப் பாதைக்கு 'ஏற்றம்' என்று பெயர். ஆனால், வாழ்வில் ஏற்றம் என்றால் நமக்கு உயர்வு. ஆங்கிலச் சொல் களைப்பைப் பார்க்கிறது. நம் சொல் சென்றடையும் உயரத்தைப் பார்க்கிறது.

எரிகோவிலிருந்து எருசலேம் செல்லும் வழியில் இரண்டும் உண்டு. எரிகோ கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 250 மீட்டர் கீழேயும், எருசலேம் ஏறக்குறைய 750 மீட்டர் மேலேயும் உள்ளன. இயேசு பாடுபடுமுன் ஏறிய வழி அது. எருசலேமை நோக்கிய அப்பயணத்தில் சீடர்கள் அஞ்சினர். அவரோ அவர்களுக்கு முன்னே நடந்தார் என்கிறார் மாற்கு (10:32).

மேட்டில் திணறும் வண்டியைக் கண்டால், பின்னால் நின்று தள்ளிவிடுகிறோம். நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் இன்று மேடேறிக்கொண்டிருக்கலாம். அவருக்கும் நாம் கைகொடுப்போம்.