3 சக்கர ஸ்கூட்டரா? ஓட்டும்போது இல்லை, இறங்கும்போதுதான் உஷார்!

பின்னால் 2 பக்கமும் துணைச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டரில் மாற்றுத்திறனாளிகள் பலர் வேலைக்கும் கடைக்கும் போய் வருகிறார்கள். டிராபிக்கில் லாவகமாக ஓட்டி வருபவர்கள், டீக்கடை வாசலில் இறங்கும்போது தடுமாறி விழுந்து விடுவது உண்டு.

காரணம் ஆக்சிலேட்டர். என்ஜினை அணைக்காமல், வலது ஹேண்டில் பாரைப் பிடித்து எழுந்தால் கை தானாக முறுக்கிவிடும். வண்டி குபீரென்று பாயும், ஆள் கீழே கிடப்பார். பேட்டரி வண்டி என்றால் இன்னும் ஆபத்து. சத்தமே வராது, 'ஆன்'ல இருப்பதே தெரியாது. முதலில் சாவியை திருப்பி எடுத்து சட்டைப் பையில் போடுங்க, மற்றதெல்லாம் அப்புறம்.

என்ஜினை அணைத்தால் மட்டும் வண்டி நிற்காது. கியர் இல்லாத ஸ்கூட்டர், சரிவில் விட்டால் சும்மா உருளும். நடக்கும் தூரம் குறையுமே என்று ஆபீஸ் சாய்தளத்திலேயே நிறுத்தி இறங்குகிறவர்கள் விழுவது இப்படித்தான். (சாய்தளம் கட்டுகிறவர்கள் பக்கத்தில் கொஞ்சம் சமதரை விட்டால் என்னவாம்?) பல ஸ்கூட்டர்களில் இடது பிரேக் லிவரில் சின்ன லாக் இருக்கும். அதை போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்க. நகர்ந்தால் கேபிள் லூஸ். மெக்கானிக்கிடம் காட்டணும்.

எந்தப் பக்கம் இறங்குவது?

இடது பக்கம்தான். வலது பக்கம் லாரியும் பஸ்சும் வரும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சைலன்சரும் அந்தப் பக்கமே. முதுகுத்தண்டு அடிபட்டு காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு சூடு பட்டாலும் தெரியாது, வீட்டுக்கு போய் கொப்புளத்தை பார்த்தால்தான் தெரியும்.

காலிபர் போட்டிருப்பவர்கள் சீட்டிலேயே காலை நீட்டி, முட்டி லாக் விழுந்ததா என்று தடவிப் பார்த்த பிறகே எழ வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாறுகிறவர்கள் அதன் 2 பக்க பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கி விடணும். தட்டை மிதித்தால் நாற்காலி குப்புற கவிழும்.

'நான் பிடிக்கிறேண்ணே' என்று ஓடி வந்து ஒரு கையை இழுக்கிறவர்கள் கவனிக்கணும். அந்தக் கைதான் அவருக்கு ஊன்றுகோல் பிடிக்கிற கை. எங்கே பிடிக்கட்டும் என்று கேட்டுவிட்டு பிடிங்க.

ஊன்றுகோல் அடி ரப்பரையும் பார்த்துக்கங்க. தேய்ந்த ரப்பர் மழைநாளில் டைல்ஸ் தரையில் வழுக்கும்.