சிறிய கடல்நீர் மீன்தொட்டி: நீரும் மீன் தொகையும்

கடல்நீர் மீன்தொட்டி அமைப்போர் பலர், நீர் தெளிந்திருப்பதைக் கண்டு முதல் வாரத்திலேயே மீன்களை நிறைய விட்டுவிடுகின்றனர். அவை சில நாட்களில் இறப்பது பெரும்பாலும் நோயினாலன்று, அமோனியாவினாலாகும்.

கத்தரித் தோட்டத்திற்கு அமோனியம் சல்பேற்று இடும்போது, மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் இதுவே நிகழ்கின்றது. மீனின் கழிவிலும் எஞ்சிய தீனியிலும் தோன்றும் அமோனியா சிறிதளவாயினும் நஞ்சாகும். நைத்திரைற்றும் தீங்கானது. நைத்திரேற்றோ மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. மண்ணில் இப்பற்றீரியாக்கள் முன்னரே உள. புதிய தொட்டியின் கல்லிலும் மணலிலும் அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை மீன் விடாது, சிறு இறால் துண்டொன்றை இட்டு வைத்தல் போதும். சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனக் கண்ட பின்னரே முதல் மீனை விடுதல் வேண்டும். அடுத்ததற்கு இரு வாரங்கள் பொறுத்தல் நன்று. 100 இலீற்றர்த் தொட்டிக்கு விரல் நீளமான மீன்கள் இரண்டோ மூன்றோ போதும்.

தோட்டத்தில் நைத்திரேற்றைப் பயிர் உண்ணும், தொட்டியில் உண்பாரில்லை. ஆதலின் இரு வாரங்களுக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை அகற்றி, அதேயளவு உப்புடைய கடல்நீரை விடுதல் வேண்டும். மாரி காலத்தில் ஆற்றுமுகத்தருகே அள்ளிய நீர் இதற்கு உதவாது.

உவர் வயலை அறிந்த கமக்காரர்க்கு அடுத்தது புதிதன்று. நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த நீரை நன்னீராலேயே நிரப்புதல் வேண்டும். தன்னீர்ப்பு 1.023 முதல் 1.026 வரை இருத்தல் தகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் பசளையினால் நைத்திரேற்று மிகுந்துள்ளமையின், அங்கு முதல் மழையைக் கழியவிட்டு ஓட்டுக்கூரையிற் பிடித்த மழைநீரே ஏற்றது.