கட்டமஞ்சியார் காட்டிய கட்டுரை நெறி

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோரும் உளர். இந்தியப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் அப்பாடத்தின் ஒரு பகுதியாக அமெரிக்க இலக்கியம் இடம்பெற்றுள்ளது. அதிலும் பின்நவீனத்துவம் எனப்படும் பிரிவைச் சேர்ந்த நாவல்களைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர், "இக்கதைக்குத் தலை எது, வால் எது?" என்று திகைப்பதுண்டு. மாணவரும் அதே திகைப்பில், கடையில் கிடைக்கும் வினா விடை நூலை நெட்டுருச் செய்து தேர்வு எழுதிவிடுகின்றனர். பட்டம் கிடைத்துவிடுகிறது. ஆயின், தாமே ஒரு கருத்தைக் கொள்ளவும், அதனைப் பிறர் ஏற்குமாறு எடுத்துரைக்கவும் வேண்டிய ஆற்றல் கிடைப்பதில்லை. இலக்கியக் கல்வியின் பெரும்பயனே அவ்வாற்றல்தான். அதனை அடையும் வழியைச் சித்தூர் மண்ணில் பிறந்த ஓர் அறிஞரிடமிருந்தே நாம் கற்கலாம்.

முதலில் அந்த அமெரிக்க நூல்கள் எத்தகையன என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், குறிப்பாக 1960-களில், அமெரிக்க எழுத்தாளர் சிலருக்குக் கதை சொல்லும் பழைய முறையிலேயே ஐயம் தோன்றிற்று. அனைத்தையும் அறிந்த ஒருவர், தொடக்கம் முதல் முடிவுவரை ஒழுங்காகச் சொல்லிச் செல்லும் கதை, சிதறிப்போன உலகத்தை உண்மையாகக் காட்டுமா என்று அவர்கள் வினவினர். கர்ட் வானகட் என்பவர் ஜெர்மானியரிடம் போர்க் கைதியாக இருந்தபோது, 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சால் அழிந்ததை நேரில் கண்டவர். அதுபற்றிய ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ என்னும் நாவலை 1969-இல்தான் அவரால் வெளியிட முடிந்தது. அதன் முதல் அதிகாரத்தில் ஆசிரியரே தோன்றி, இந்நூலை எழுத இயலாமல் தாம் பட்ட பாட்டைச் சொல்கிறார். கதைத் தலைவனோ காலத்தின் கட்டிலிருந்து நழுவி, முதுமைக்கும் இளமைக்குமாக அலைகிறான். ஜான் பார்த் என்பவர் 1968-இல் வெளியிட்ட ‘லாஸ்ட் இன் தி ஃபன்ஹவுஸ்’ என்னும் தொகுதியின் முதற்கதை, வெட்டி, முறுக்கி, ஒட்டவேண்டிய ஒரு காகிதப் பட்டை. ஒட்டிப் படித்தால், கதை முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும்.

இத்தகைய கதைகள் நமக்கு முற்றும் அந்நியமானவையா? அல்ல. பார்த் தம் மாணவப் பருவத்தில் பல்கலைக் கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பணி செய்தபோது, காசுமீரத்துச் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் இயற்றிய ‘கதாசரித்சாகர’த்தின் மொழிபெயர்ப்பைக் கண்டு அதில் தோய்ந்தவர். கதைக்குள் கதையும், அதற்குள் மற்றொரு கதையுமாக அமையும் அக்கலையை அவர் கீழைநாடுகளிடமிருந்தும் கற்றார்.

நம்மைச் சூழ்ந்து வழங்கும் தெலுங்கு மொழியிலேயே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பிங்களி சூரனர் பாடிய ‘கலாபூர்ணோதயம்’ என்னும் காவியத்தின் நடுவே, பிரமன் சரசுவதிக்குச் சொல்லும் கதை ஒன்று வருகிறது. அதில் சொல்லப்பட்டவை பின்னர் மண்ணுலகில் நிகழ்கின்றன. கலாபூர்ணன் என்னும் மன்னன், தன் கதை முன்னரே சொல்லப்பட்டுவிட்டது என்பதைக் கேட்டறிகிறான். முன் நடந்தவை பின்னரே நமக்குத் தெரியவருகின்றன. எனினும் சூரனரைப் பின்நவீனத்துவர் என்று கூறுதல் பொருந்தாது. அவர் காவியத்தில் பிரமன் வாக்குப் பொய்ப்பதில்லை. முடிச்சுகள் அனைத்தும் இறுதியில் அவிழ்கின்றன. பார்த்தின் கதையில் அத்தகைய உறுதி எதுவும் இல்லை. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் காண்பதே ஒரு நல்ல கட்டுரைக்கு விதையாகும்.

சூரனரின் காவியத்தைப் புதிய கண்கொண்டு ஆராய்ந்தவர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. சித்தூரைச் சார்ந்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்த இவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் மாணவர் விவாத மன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாவலர். 1926-இல் ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1930-இல் அன்னிய அரசின் அடக்குமுறையைக் கண்டித்து அப்பதவியைத் துறந்தார்; 1936-இல் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். 1951-இல் மறைந்தார்.

அவர் 1914-இல் வெளியிட்ட ‘கவித்வ தத்த்வ விசாரமு’ என்னும் நூல் தெலுங்குத் திறனாய்வில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. கவிதையின் உயிர் அணியலங்காரத்தில் இல்லை, கற்பனையிலும் கதைக்கோப்பிலும் பாத்திரப் படைப்பிலும் உள்ளது என்னும் கொள்கையை அவர் முன்வைத்தார். கலாபூர்ணோதயத்தையே உரைகல்லாகக் கொண்டு அதனை நிறுவ முயன்றார். புகழவேண்டிய இடத்தில் புகழ்ந்தார். குறை கண்ட இடத்தில் குறையென்றே கூறினார். பழைய மரபில் ஊன்றியவர் பலர் உடன்படவில்லை. ஆயினும் அவர்களும் காரணம் காட்டியே மறுக்கவேண்டியதாயிற்று. நல்ல கட்டுரையின் வெற்றி அதுவேயாகும்.

இவ்வாறு காரணம் காட்டி நிறுவும் முறை தமிழருக்குப் புதிதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகளைக் கூறுகிறது. நாம் நிறுவ விரும்புவது பக்கம், அதற்குரிய காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம், அதனை எடுத்த பொருளோடு பொருத்துதல் உபநயம், முடிபு நிகமனம். மலையில் நெருப்பு உண்டு, புகை தோன்றுவதால், புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு, அடுக்களையிற்போல, இம்மலையிலும் புகை உள்ளது, ஆதலின் இங்கே நெருப்பு உண்டு. இதுவே அதன் போக்கு.

இம்முறையை வானகட்டின் நாவலுக்குப் பொருத்திப் பார்ப்போம். "இந்நாவல் பின்நவீனத்துவ உத்திகள் நிறைந்தது" என்று தொடங்கும் கட்டுரையை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆகவே அதில் நிறுவுவதற்கும் ஒன்றுமில்லை. "ஆசிரியர் தம் இயலாமையை முதலிலேயே சொல்வது, போரைப் பற்றிய பொய்ப் பெருமையைத் தகர்க்கிறது" என்பது ஒரு பக்கம். வீரக்கதைக்கு உரிய ஒழுங்கும் நிமிர்வும் அவரது சொல்முறையில் இல்லாமை ஏது. போருக்குச் சென்றவர்கள் குழந்தைகளே என்று நண்பரின் மனைவி சினந்து கூறுவதும், நூலில் திரைப்பட வீரருக்கு இடமிராது என்று ஆசிரியர் வாக்களிப்பதும் நூலகத்தே கிடைக்கும் எடுத்துக்காட்டு. அவ்வாக்குப் பின்வரும் அதிகாரங்களில் காக்கப்படுவதைக் காட்டுதல் உபநயம். "இது வெறும் வேடிக்கை உத்தி அன்றோ?" என்று ஒருவர் கேட்கலாம். நம் உரையாசிரியர்கள் கையாண்ட தடையும் விடையும் இங்கே துணைசெய்யும். அத்தடையை நாமே எழுப்பி, நாமே விடை கூறிய பின்னரே முடிபுக்கு வரவேண்டும்.

சொல்லைத் தெளிவுறுத்தாவிடில் வல்ல எழுத்தாளரும் பிறழ உணரப்படுவர். பார்த் 1967-இல் ‘தீர்ந்துபோன இலக்கியம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய வடிவங்கள் பயன்பட்டுத் தேய்ந்தன, அத்தேய்வையே புதுப்படைப்புக்குப் பொருளாக்கலாம் என்பது அவர் கருத்து. நாவலே மாண்டுவிட்டது என்று அவர் கூறியதாகப் பலர் கொண்டனர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1980-இல், இலக்கியம் மீண்டும் நிறைவுறுவதைப் பற்றி மற்றொரு கட்டுரை எழுதித் தம் கருத்தை அவர் விளக்கவேண்டியதாயிற்று. தலைப்பே வாதத்தின் முதற்சொல் என்பதை இதனால் அறியலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் வகுப்பில் ஆங்கிலமும் வழங்குகின்றனர். இதனைச் சுமையென்று எண்ணவேண்டுவதில்லை. கட்டுரை எழுதுமுன் அதன் பக்கத்தையும் ஏதுவையும் தாய்மொழியில் பெற்றோரிடம் கூறட்டும். பெற்றோர் அமெரிக்க நாவலைப் படித்திருக்கவேண்டும் என்பதில்லை, "ஏன்?" என்றும், "நூலில் எங்கே?" என்றும் கேட்டால் போதும். அவ்விரு வினாக்களுக்கும் விடை கூறத் தெரிந்த மாணவருக்கு வினா விடை நூலின் துணை வேண்டியிராது.